மூலை வெட்டின தெரு

நாலாம் வகுப்பு பாதியில் நின்றவன் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வேறு யாராவது சொல்லி என்னை மட்டம் தட்ட வேண்டாம். ராயபுரத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு மீன்பாடி வண்டியை மிதித்து வாழ்க்கையை ஆரம்பித்தேன். முன்னால் பலகை, பின்னால் சீட்டு, மூன்று சக்கரம், ஒரு ஆளின் தொடை பலம், அவ்வளவுதான் அந்த வண்டி. காசிமேட்டு மீனும் ஐஸும் ஏற்றி மிதித்தே ஒரு கொட்டகை நிறைய வண்டிக்கு முதலாளி ஆனேன். தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தேன். மகனை இன்ஜினியர் ஆக்கினேன். மகளைக் குவைத்தில் நர்ஸ் வேலைக்கு அனுப்பினேன். காலில் ஆணி குத்தியபோதும் வண்டியை நிறுத்தியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று செய்தேன். எர்ணாவூரில், கருவேல முள்ளும் உப்புத் தண்ணியுமாகக் கிடந்த ஒரு பொட்டலில், ஒரு நகரையே போட்டேன். ரத்தினம்மாள் நகர். ரத்தினம்மாள் யார் என்று கேட்பீர்கள். நிலத்துக்காரருடைய அம்மா. அந்த மண்ணில் அந்த அம்மாள் கால் வைத்ததே கிடையாது. மனையைப் பிரித்து ஆள் பிடித்துக் கொடு என்று நிலத்துக்காரர் என்னிடம் சொன்னார். கயிறு பிடித்து முளையடித்துத் தெரு போட்டது நான். வாங்கினவர்கள் எல்லாம் ஹார்பர் கூலி, வண்டிக்காரன், மீன்காரி.

நான் போட்ட தெருவுக்கு ஒரு கணக்கு உண்டு. மீன்பாடி வண்டிக்கு ரிவர்ஸ் கிடையாது. பாரம் ஏற்றிக்கொண்டு முட்டுச் சந்தில் மாட்டினால் இறங்கி, தூக்கி, திருப்பி, அன்றைய மீன் நாறிவிடும். அதனால் என் நகரில் ஒரு தெரு கூட முட்டாது. ஒவ்வொரு தெருவுக்கும் ரெண்டு வாய். ரெண்டு வண்டி எதிரெதிரே உரசாமல் போக வேண்டும், நடுத்தெரு அதைவிட அகலம். அது மட்டும் ரோட்டிலிருந்து கடல் பக்கம் வரைக்கும் போகும், மற்ற தெருக்கள் சுற்றி வந்து அதில்தான் சேரும். அப்புறம் மூலை. மூலை வீட்டுக்காரன் ஒவ்வொருவனிடமும் சண்டை போட்டு, அவன் மனையின் கூர் முனையை முக்கோணமாக வெட்டி வாங்கினேன். வண்டி வளைந்து திரும்ப அந்த இடம் வேண்டும். எந்தப் படித்தவனும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை.

பின்னால் எவனாவது ஆசைப்பட்டுத் தெருவை வளைத்துக்கொள்வான் என்று எனக்குத் தெரியும். எல்லாரையும் கூட்டி, சூடம் ஏற்றி, ஒவ்வொருவனையும் உள்ளங்கையால் அணைக்க வைத்து சத்தியம் வாங்கினேன். தெரு வாயை அடைக்க மாட்டேன், மூலையை நிரப்ப மாட்டேன் என்று. என் கூட்டாளி சூசை வேதக்காரன். அவனும் ஒரு கையில் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சூடத்தை அணைத்தான். "ரெண்டு சாமியும் சாட்சிடா, இனிமே தப்பிக்க வழியே இல்ல" என்றான்.

இப்போது நான் இருப்பது வண்டலூர் தாண்டி, மகன் வாங்கியிருக்கும் அடுக்குமாடியில். அங்கே ஜன்னலில் நின்றால் ஒரு டீக்கடை தெரியும். டீ ஆற்றுகிறவன் கை கூடத் தெரியும். நடுவில் சுவர். கடைக்குப் போக வேண்டுமென்றால் இருக்கிற ஒரே கேட்டு வழியாக வெளியே போய், மெயின் ரோடு பிடித்து, சுற்றிப் போக வேண்டும். போய்ச் சேர்வதற்குள் டீ ஆசையே போய்விடும். "செக்யூரிட்டிப்பா" என்பான் மகன். சரி, அவன் படித்தவன்.

ஒரு நாள் சூசையிடமிருந்து போன் வந்தது.

"கோதண்டம், நடுத்தெரு வாய அடைக்கப் போறாங்கோ. ஹைவே பக்கத்து வாய். ஞாயித்துக்கெழம மீட்டிங்கி. நீ வந்தாத்தான் ஆவும்."

"எவன்டா அடைக்கிறவன்? சத்தியம் இன்னா ஆச்சு?"

"அதுக்குத்தான் உன்ன வர சொல்றேன்" என்று வைத்துவிட்டான்.

எனக்கு ரத்தம் ஏறிவிட்டது. அடைக்கிறவன் கையை உடைப்பதாக மருமகளிடம் சொல்லிக்கொண்டே பையை அடுக்கினேன். இன்னொரு கடமையும் பாக்கி இருந்தது. சூசையின் சம்சாரம் ரோசம்மா இறந்துபோயிருந்தாள். அப்போது நான் குவைத்தில் மகள் வீட்டில் இருந்தேன். கிழவன் அலறியடித்துக்கொண்டு ஓடி வருவான் என்று மகன் மறைத்து வைத்து, நான் திரும்பின பிறகுதான் சொன்னான். லாரியில் அடிபட்டாள் என்றான். ஹைவேயில் என்று நானே நினைத்துக்கொண்டேன். எங்கே என்று கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை துக்கம் விசாரிக்கப் போகக் கூடாது என்று மருமகள் சொல்லியிருந்தாள். அதனால் அன்றைக்கு ராயபுரத்தில் தங்கச்சி இந்திரா வீட்டில் இறங்கினேன். வெளிநாடு போனவர்கள் எல்லாம் கட்டுரை எழுதுகிறார்கள். நானும் குவைத் பார்த்தவன்தான், அங்கே ரோட்டைக் கடக்க டாக்ஸி பிடிக்க வேண்டும், அது ஒரு ஊரா? ஆனால் வண்டலூரிலிருந்து ராயபுரம் போனதுதான் எனக்கு வெளிநாட்டுப் பயணமாக இருந்தது. காற்றே வேறு. மீன் கவிச்சியும் டீசலும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. இந்திரா, "தூசி விழுந்துச்சா அண்ணே?" என்றாள். ஆமாம் என்றேன்.

சாயங்காலம் நடந்தேன். ராயபுரம் தெருக்களை யார் போட்டார்களோ, காலால் நடந்து பார்த்துப் போட்டிருக்கிறார்கள். நாலு வீடு போனால் ஒரு குறுக்குச் சந்து, அதற்குள் இன்னொன்று. பைக்கில் வந்த ஒருத்தன் கோயில் தெருவுக்கு வழி கேட்டான். மூன்று வழி சொன்னேன். "ஒரு வழி சொல்லு தாத்தா, போதும்" என்றான். இப்போதுள்ளவர்களுக்கு ஒரு வழி போதும். என் வாலிப வயசில் போலீஸ் துரத்தினால் மூன்று வழி தெரிந்தவன்தான் வீட்டுக்குப் போவான்.

மூலையில் ஒரு தள்ளுவண்டியில் அத்தோ சாப்பிட்டேன். பர்மாவிலிருந்து வந்தவர்கள் இந்த ஊருக்குக் கொண்டுவந்த நூடுல்ஸ் அது, பூண்டும் புளியும் பொரித்த வெங்காயமுமாகக் கையால் பிசைந்து தருவார்கள். பக்கத்தில் ரெண்டு பெண்கள் நின்று சாப்பிட்டார்கள். ஒருத்தி சொன்னாள், "எங்கம்மா வூடு பின்னாடி தெருதான். ஊட்டுக்காரரோட ஒரு சண்ட போட்டா கோவிச்சுக்கினு போறதுக்குள்ளயே வந்துடுது, அழக்கூட டைம் இல்ல." நான் சிரித்துவிட்டேன். நல்ல தெரு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை மெட்ரோவில் ஏறித் திருவொற்றியூர் போனேன். ஒரு காலத்தில் பாரம் வைத்து மிதித்தால் முதுகுச் சட்டை பிழியலாம், அந்தத் தூரத்தைக் கண் மூடித் திறப்பதற்குள் கடந்துவிட்டது. மேலேயிருந்து பார்த்தேன். ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு ஊர், அந்தப் பக்கம் ஒரு ஊர். முன்னே கேட்டு இருந்த இடங்களில் மேம்பாலம் ஏறியிருக்கிறது. கேட்டு மூடியிருந்தாலும் குனிந்து நுழைந்து அக்கா வீட்டுக்குப் போன பெண்கள், இப்போது பாலம் ஏறி இறங்க ஆட்டோ பிடிக்கிறார்கள். தூரமாக இருந்ததெல்லாம் கிட்டே வந்துவிட்டது, கிட்டே இருந்தது தூரமாகப் போய்விட்டது. பக்கத்து சீட்டில் இருந்த காலேஜ் பெண்ணிடம் இதைச் சொன்னேன். காதிலிருந்து ஒரு பஞ்சை எடுத்து "ஹாங் தாத்தா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். டிரைவர் போனை மாட்டி வைத்திருந்தான். அதில் ஒரு அம்மா, இடது பக்கம் திரும்பவும் என்றாள். இடது பக்கம் ஒரு கம்பெனிச் சுவர். மறுபடி திரும்பவும் என்றாள்.

"இவ பேச்சக் கேட்டா நம்ம செவுத்துலதான் குடித்தனம் நடத்தணும்" என்றான் டிரைவர்.

"அவளை நிறுத்து. நான் சொல்றேன். இந்த ஏரியாவ போட்டதே நான்."

நான் காட்டிய வழியில் போனான். மாட்டுக்கொட்டகை தாண்டி ஒரு சந்து, அது நேரே எர்ணாவூரில் கொண்டுபோய் விடும். மாட்டுக்கொட்டகை இல்லை. சந்தும் இல்லை. கன்டெய்னர் பெட்டிகளை மாடி மாதிரி அடுக்கின ஒரு யார்டு, அதைச் சுற்றி முள்கம்பி போட்ட சுவர். வேறு சந்து சொன்னேன். அங்கே அரசாங்கம் கட்டிக் கொடுத்த குடியிருப்பு, வரிசை வரிசையாகத் துணி காய்கிற மாடிகள். அத்தனை ஜனத்துக்கும் உள்ளே போக ஒரே வாய், வெளியே வர அதே வாய். மூன்றாவது சந்து முள் புதரில் முடிந்தது. ஆட்டோவுக்காவது ரிவர்ஸ் இருந்தது.

"நீ போட்ட ஏரியாவ யாரோ கலச்சிட்டாங்கோ நைனா" என்றான் டிரைவர். அவன் கேலி செய்யவில்லை, பாவம் பார்த்துத்தான் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கடைசியில் ஹைவேக்கே வந்தோம். அங்கே கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்காக வரிசை கட்டி நின்றன. முன்னும் போக முடியவில்லை, பின்னும் போக முடியவில்லை. மணலிப் பக்கத்து கேஸ் வாடை வேறு. ஆட்டோவை விட்டு இறங்கி ஒரு லாரி நிழலில் ஒதுங்கினேன். டிரைவர் ஒருத்தர், நெல்லூர்க்காரர், தார் ரோட்டு ஓரத்திலேயே ஸ்டவ் வைத்துச் சோறு வடித்துக்கொண்டிருந்தார். தெலுங்கு எனக்குத் தண்ணி பட்ட பாடு, பேச்சுக் கொடுத்தேன்.

"உங்கள் ஊருக்கு வரும்போது ஷேவ் பண்ணிக்கொண்டு வந்தேன். பாருங்கள்" என்று தாடியைத் தடவிக் காட்டினார். "முன்னால் நிற்கிறவன் தூங்கிவிட்டானா செத்துவிட்டானா என்று கூடத் தெரியாது."

"சந்து பொந்தில் புகுந்து முன்னே போக வேண்டியதுதானே?"

"போவோம். பீச் ரோட்டுப் பக்கம் போய்விட்டால் கொஞ்சம் நகரும்."

"எந்தச் சந்தில் நுழையலாம் என்று போன் சொல்லுமா?"

"போனுக்கு என்ன தெரியும் பெரியவரே? கோடு தெரிந்தால் தெரு என்று சொல்லிவிடும். நாங்கள் மூலையைப் பார்ப்போம். மூலை வீடு கூராக நின்றால் நுழைய மாட்டோம், மாட்டிக்கொள்வோம். மூலையை வெட்டி விட்டிருந்தால், வண்டி திரும்ப இடம் வேண்டும் என்று எவனோ யோசித்துப் போட்ட தெரு. எர்ணாவூரில் அப்படி ஒன்று இருக்கிறது. போட்டவன் புண்ணியவான்."

எனக்கு நெஞ்சு எப்படி நிமிர்ந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். இத்தனை வருஷத்தில் ஒருத்தன், அதுவும் வேற்று ஊர்க்காரன், என் வேலையைக் கண்டு சொல்லியிருக்கிறான்.

"அந்தப் புண்ணியவான் நான்தான்" என்றேன்.

அவர் நம்பவில்லை. மீன்பாடி வண்டிக் கதையைச் சொன்னேன். உட்காரவைத்து, தட்டில் சோறு போட்டு, தக்காளிப் பப்பும், அதுதான் அவர்கள் ஊர்ப் பருப்பு, ஊறுகாயும் வைத்தார். எண்ணூர் அனல் மின் நிலையத்துச் சாம்பல் காற்றில் வந்து சோற்றில் விழுந்தது, அதோடு சேர்த்துச் சாப்பிட்டேன். அன்றைக்கு அந்தப் பப்பு அமிர்தம்.

வரிசை நகர்ந்து, ஆட்டோ ஓரமாக ஊர்ந்து, நடுத்தெரு வாயில் என்னை இறக்கிவிட்டது. வெட்டின மூலையைத்தான் முதலில் பார்த்தேன். அந்த முக்கோணத்தில்தான் ரோசம்மா அடுப்பு போட்டு மீன் வறுத்து விற்பாள். வண்டி திரும்புகிற இடம் தாயே என்று ஆரம்பத்தில் நான் சண்டை போட்டிருக்கிறேன். "வண்டி வந்தா ஏந்துக்கறேன், நீ போ நைனா" என்பாள். வண்டி வந்தால் எழுந்து அடுப்பைக் காலால் தள்ளிக்கொள்வாள், போனதும் இழுத்துக்கொள்வாள். மீன்பாடி வண்டிச் சக்கரத்துக்கு அந்த வேகம் போதும்.

அடுப்பு இல்லை. மூலை வீட்டுச் சுவர் இடுப்பு உயரத்துக்கு இடிந்து, புது சிமெண்ட் பூசிக் கிடந்தது. கீழே, பாதியாக வெட்டின பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் ஒரு மெழுகுவர்த்தி. பக்கத்தில் சுண்ணாம்பில் ஒரு சின்னச் சிலுவை.

சூசையின் மகள் டெய்சி குடத்தோடு வந்தவள் என்னைப் பார்த்து நின்றாள்.

"இங்கியா?" என்று கேட்டேன்.

"தெரியாதா பெரிப்பா? இங்கதான். அம்மா குந்திக்கினு இருந்த எடத்துலயே. லாரி வளையும்போது பின் சக்கரம் மூலையில ஏறிடுச்சு. அம்மா ஏந்துக்கத்தான் பாத்துச்சு."

பப்பு என் நெஞ்சுக்குள்ளேயே நின்றுவிட்டது. கீழே இறங்கவில்லை.

சூசை கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ஹார்பரில் மூட்டை தூக்கின மனுஷன், மேல்சட்டை இல்லாமல் பார்த்தால் கதவு மாதிரி இருப்பான். கதவு இளைத்திருந்தது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிரே சுவர். அதில் ரோசம்மா படம், மாலை, சின்ன பல்பு.

"துன்னியா?" என்று கேட்டான்.

"வழியில துன்னேன்" என்றேன். யாரோடு என்று சொல்ல வாய் வரவில்லை.

"வாய அடைக்கறதுக்கு எவன்டா முன்னாடி நிக்கிறான், பேர சொல்லு" என்று கேட்டேன். பழக்க தோஷம், அந்த நேரத்திலும் என் குரல் சண்டைக்குத்தான் போனது.

"நான்தான்" என்றான் சூசை.

"நீயா?" என்றேன்.

"கம்பம் நட்டோம், லாரிக்காரனுங்கோ சாச்சிட்டாங்கோ. மேல குறுக்கால இரும்பு போட்டோம், அதையும் கயிட்டி எறிஞ்சிட்டாங்கோ. செவுரு எழுப்பறது ஒண்ணுதான் பாக்கி. மத்தவங்கோ எல்லாம் ஓகே. பெருசுங்க மட்டும், கோதண்டத்துக்கு சூடம் அணச்சிருக்கோம், அவன் வந்து சொல்லாம ஒரு கல்லு வெக்க மாட்டோம்ங்கறாங்கோ. சண்டைக்கு உன்னைக் கூப்புடல மாமு. சத்தியத்தத் திருப்பிக் குடு. அதுக்குத்தான் கூப்ட்டேன்."

அன்று மத்தியானம் தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். நான் இந்தத் தெருவைப் போட்டபோது இந்தப் பக்கத்து ரோட்டில் மாட்டு வண்டி போகும், அந்தப் பக்கம் வெறும் மணலும் கடலும். ரெண்டு காலி இடத்தை ஒரு தெருவால் சேர்த்தேன். நடுவில் இருக்கிற ஜனம் இந்த வாயில் போய்த் தண்ணி பிடிக்கும், அந்த வாயில் போய் மீன் வாங்கும், அதற்குத்தான் தெரு. ஊர் வளர்ந்தது. இந்தப் பக்கம் ஹைவே ஆனது, அந்தப் பக்கம் பீச் ரோடு. அக்கம்பக்கத்துச் சந்துகளையெல்லாம் யார்டும் கம்பெனியும் விழுங்கின. எல்லா வழியும் அடைபட்ட ஊரில் என் தெரு ஒன்று மட்டும் திறந்து கிடந்தது. அத்தனை லாரியும் வேறு எங்கே போகும்? ஒரு ஊருக்குள் நூறு சந்து திறந்திருந்தால் ஒரு சந்துக்கும் வலிக்காது. என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வேதக்காரர்கள் வந்த பிறகு, தண்ணீர் டேங்க் நிழலில் மீட்டிங். நகர் சங்கத் தலைவி வசந்தி, தையல் கடை வைத்திருக்கிறவள். எனக்கு சேர் போட்டு, டீ கொடுத்து, "அண்ணே, நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

நான் சொன்னேன். அடைத்துவிட்டால் பஸ்ஸுக்குப் போகிறவர்கள் பக்கத்து நகரைச் சுற்றிப் போக வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குச் சுற்ற வேண்டும். ஒரு ஆத்திரம் அவசரம் என்றால் ஆம்புலன்ஸ் எப்படி வரும்?

"பீச் ரோட்டு பக்கமா வரும் அண்ணே" என்றாள் வசந்தி. "ரோசாக்காவுக்கு வந்த ஆம்புலன்ஸ் ஹைவே லாரி வரிசையிலயேதான் நின்னுச்சு. வாய்லயும் லாரி மாட்டிக்கினு கெடந்தது. ஸ்ட்ரெச்சர தூக்கிக்கினு நாங்கதான் ஓடினோம்."

பின்வரிசையிலிருந்து பாண்டு மாமா எழுந்தார். என்னைவிட மூத்தவர், வாய்த் துடுக்கு குறையவில்லை. "லாரி இன்னா லாரி, கப்பலே திரும்பும்டா கோதண்டம், அப்புடி வெட்டி வெச்சிக்கீற மூலய!"

ரெண்டு பேர் சிரித்தார்கள். அப்புறம் சூசை இருப்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்கள். நான் பாண்டு மாமாவுக்குப் பதில் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் பதில் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான்.

சூசை எழுந்து நின்றான். "அவன ஒண்ணும் சொல்லாதீங்கோ. மூல வெட்டலேன்னா ரோசாவுக்குக் கட போட எடமே இல்ல. நாப்பது வருசம் அதுல குந்தி எங்க மூணு பொண்ணயும் கட்டிக் குடுத்தா. அதுவும் இவன் குடுத்ததுதான்."

நான் எழுந்துவிட்டேன். "சூடம் கொண்டாங்கடா" என்றேன்.

சூடம் வந்தது. வந்த பிறகுதான் ஒரு சிக்கல். சத்தியம் பண்ணுவது எல்லாருக்கும் தெரியும். திருப்பிக் கொடுப்பது எப்படி என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. மறுபடி அணைத்தால் போதும் என்றார் ஒருத்தர். அணைத்தால் இன்னொரு சத்தியம் ஆகிவிடும் என்றாள் வசந்தியின் மாமியார். கடலில் போட்டுவிடலாம் என்றான் ஒருத்தன். "பீச் ரோட்டு லாரியத் தாண்டி எவன்டா கடலுக்குப் போறது?" என்றார் பாண்டு மாமா.

நான்தான் முடிவு சொன்னேன். அன்றைக்கு அணைத்தோம். இன்றைக்கு ஏற்றிவிட்டு யாரும் அணைக்க வேண்டாம், அதுவாக எரிந்து முடியட்டும். வாங்கினவன் நான், நானே ஏற்றுகிறேன்.

ஏற்றினேன். காற்று வந்தபோது நாலைந்து பேர் சுற்றி நின்று மறைத்தார்கள். கையை நீட்டி அணைக்க வேண்டும் என்று எனக்கு அரித்துக்கொண்டே இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். சூசை ரோசம்மாவின் ஜெபமாலையை விரலில் சுற்றியபடி பார்த்துக்கொண்டிருந்தான். சூடம் சின்னதாகி, நீலமாகி, போய்விட்டது. தரையில் ஒரு கறுப்பு வட்டம். அவ்வளவுதான் என் தெரு.

திங்கட்கிழமை காலை கொத்தனார் வந்துவிட்டார். நூல் கட்டி, கல் வைக்க ஆரம்பித்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ரெண்டு வரிசை எழும்பியதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"மேஸ்திரி, நடுவுல ஒரு வழி வுடு. ஒரு மீன்பாடி வண்டி போற அளவு."

"அந்த அளவு வுட்டா குட்டியானை லோடு வண்டி வரும் சார். காத்தால நான் நூலு கட்டும்போதே ஒரு டிரைவர் வந்து, எவ்ளோ வழி வுடுவீங்கன்னு கேட்டுட்டுப் போறான்."

"பாதி வண்டி அளவு."

"பாதி வண்டின்னு ஒரு வண்டி கீதா சார்?"

வசந்தி வழியே வேண்டாம் என்றாள். பைக் வரும், பைக் வந்தால் இடிப்பான், இடித்தால் அகலும், அகன்றால் மறுபடி லாரி. அவள் சொன்னது சரிதான். நான் தோற்றுப்போய் உட்கார்ந்துவிட்டேன்.

சூசை வீட்டுக்குள் போனான். திரும்பி வரும்போது கையில் ரோசம்மாவின் அலுமினிய அன்னக்கூடை இருந்தது. காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றி வந்து, இந்த வாயில் பஸ்ஸிலிருந்து இறங்கி, இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பாளே, அதே கூடை. ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. சூசை அதைத் தன் இடுப்பில் வைத்தான். ஆம்பளைக்கு இடுப்பில் கூடை நிற்காது, வழுக்கிக்கொண்டே இருந்தது. ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவருக்கு நடுவில் போய் நின்றான்.

"இந்த அளவு வுடு" என்றான்.

கொத்தனார் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, கூடையின் விளிம்பில் ஒரு கோடு, அந்தப் பக்கத்து முழங்கையில் ஒரு கோடு போட்டார். வசந்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி மேஸ்திரி" என்றாள்.

மத்தியானத்துக்குள் சுவர் தோள் உயரம் வந்துவிட்டது. டெய்சி இறாலும் கத்திரிக்காயும் போட்டுக் குழம்பு வைத்திருந்தாள். நான் சாப்பிட்டேன், ருசி சொல்லத் தெரியவில்லை. புறப்படும்போது துக்க வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சொல்லாமல் எழுந்தேன். சூசை என் பையைத் தூக்கிக்கொண்டு வாய் வரைக்கும் வந்தான். அந்த வழியில் நான் நுழைந்தேன். என் தொப்பைக்கு அது பத்தவில்லை, பக்கவாட்டில் திரும்பித்தான் போனேன். நான் போட்ட தெருவிலிருந்து நானே ஒருக்களித்து வெளியே வந்தேன். பையை அந்த இடைவெளி வழியாகக் கொடுத்தான். ஹைவேயில் லாரிகள் அப்படியே நின்றுகொண்டிருந்தன. நெல்லூர்க்காரரைத் தேடினேன். கண்ணில் படவில்லை.

வண்டலூர் வந்து இதை எழுதுகிறேன். எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. சுவரில் ஒரு கல் பதிக்கப் போவதாக வசந்தி போனில் சொன்னாள். ரோசம்மா பெயர் மேலே, கட்ட உதவினவர்கள் பெயர் கீழே. "உங்க பேர் வேணாம்னு பாக்கறோம் அண்ணே, பாக்கறவங்க தப்பா பேசுவாங்கோ" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள்.

அது நடக்காது. ரத்தினம்மாள் பெயரைப் போட்டபோது நான் சும்மா இருந்தேன், இந்த முறை இருக்க மாட்டேன். இந்தத் தெருவைப் போட்டவன் கோதண்டம். மூலையை வெட்டினவன் கோதண்டம். அந்த மூலையில் ஒருத்தி நாற்பது வருஷம் பிழைத்தாள், அந்த மூலையிலேயே போனாள். வாயைத் திறந்ததும் என் கைதான், அடைக்கக் கொடுத்ததும் என் கைதான். நல்லதுக்கு மட்டும் பெயர் கேட்கிறவன் நான் கிடையாது. எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போடுங்கள். உதவினவர்கள் வரிசையில் வேண்டாம். ரோசம்மா பெயருக்கு நேர் கீழே, தனியாக, மூலை வெட்டினது கோதண்டம் என்று வெட்டுங்கள். கல்லை அந்த வழிக்குப் பக்கத்தில் பதியுங்கள். ஒருக்களித்துப் போகிறவன் முகத்துக்கு நேரே என் பெயர் இருக்க வேண்டும்.